ஜப்பான் ஆம்ப்புக்கு 110 வோல்ட் பெட்டி: ஒரே செட்டுக்கு இரண்டு முறை காசு பிடுங்கும் வேலை

சான்சுய், லக்ஸ்மேன், அக்யூஃபேஸ் என்று ஜப்பானில் ஓடி முடித்த ஆம்ப்ளிஃபையர்கள் இங்கே நிறைய கை மாறுகின்றன. சரக்கு பெரும்பாலும் நல்லதுதான். ஏமாற்று நடப்பது, கூடவே "ஃப்ரீ" என்று தள்ளிவிடும் ஸ்டெப்-டவுன் பெட்டியில் (நம் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்).

செட்டின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். ஜப்பானிலேயே விற்றதென்றால் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். கடையில் சுலபமாகக் கிடைக்கிற பெட்டியோ 230-ஐ 110 ஆக்குவது. பத்து வோல்ட்தானே என்பார்கள். இரவில் லோடு குறைந்து லைன் 245-ஐத் தொட்டால் அந்தப் பெட்டி 117 வோல்ட் தள்ளும். 17 சதவீதம் கூடுதல். உள்ளே ±55 வோல்ட் டிசியில் நிற்கவேண்டிய சப்ளை 64-க்கு ஏறும். அங்கே உட்கார்ந்திருப்பது 63 வோல்ட் வரைதான் தாங்கும் கெப்பாசிட்டராக இருந்தால்? டிரான்ஸ்ஃபார்மர் முனகும், மேல்மூடி சுடும், பாட்டு மட்டும் பிரமாதமாகக் கேட்கும். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மாதக்கணக்கில் தாங்கிவிட்டு ஒருநாள் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போனதும், "பழைய செட்டு சார், சத்தமா வெச்சிருப்பீங்க" என்று பதில் வரும்.

230-க்கு 100 என்றே சொல்லிச் சுற்றி வாங்குங்கள். அப்போது 245 வந்தாலும் 106.5தான். பெரிய இன்டகிரேட்டட் ஆம்ப்புக்கு 1000 விஏ (வோல்ட்-ஆம்ப், பெட்டி தாங்கும் லோடு), காப்பர் வைண்டிங், பிரைமரியும் (230 பக்கச் சுற்று) செகண்டரியும் (100 பக்கச் சுற்று) தனித்தனி. இப்படிப் பிரித்துச் சுற்றுவதுதான் ஐசொலேஷன். பெட்டி 3 கிலோகூட இல்லையென்றால் அது 1000 விஏ ஐசொலேஷன் அல்ல. இரண்டுக்கும் ஒரே சுற்றை வைத்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அல்லது விஏ-வே பொய். ஆட்டோவில் பொது முனைக் கம்பி விட்டுப்போனால் 230-உம் நேராக செட்டுக்குள் பாயும். "உள்ளேயே 230-க்கு மாத்தியாச்சு" என்று விற்றால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரிஜினல் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டுச் சின்ன டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) வைத்திருக்கிற கதையும் உண்டு.

இரண்டாவது பிடுங்கல் ரிப்பேரில். மெல்ல வைத்தால் ஒரு பக்கம் சத்தம் போகிறது, வால்யூமை ஏற்றினால் திரும்பி வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்பீக்கர் ரிலேயின் (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி ஸ்விட்ச்) கான்டாக்டை. புது ரிலே சில நூறு ரூபாய். இதற்குப் போய் "அவுட்புட் ஐசி போச்சு" என்று ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். கான்டாக்டை எமரி தாளில் தேய்ப்பவரிடம் செட்டைக் கொடுக்கவே வேண்டாம். மேல்பூச்சு போய்ச் சீக்கிரமே பழையபடி ஆகும்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் உண்மையிலேயே போயிருந்தால் அடுத்த வலை போலிச் சரக்கு. 2எஸ்சி3281, 2எஸ்ஏ1302 ஜோடியின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. "புத்தம் புதுசு" என்று வந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியிலும் போலி ஏராளம்: உள்ளே சின்ன சிலிக்கான் துண்டு, வெளியே தோஷிபா பெயர். மெல்லிய சத்தத்தில் பாடும், ஏற்றினால் வெடிக்கும். டிரான்சிஸ்டரின் பேஸ், கலெக்டர் கால்களுக்கு இடையே கெப்பாசிட்டன்ஸை அளந்தால் பிடிபடும். டேட்டாஷீட்டில் 10 வோல்ட் கொடுத்த நிலையில் 5200-க்கு 200 பிகோஃபாரட், 1943-க்கு 360. வோல்டேஜ் கொடுக்காமல் சாதா மீட்டரில் அதைவிட அதிகம் வரவேண்டும். குறைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ரிப்பேரான செட்டை நேராக பிளக்கில் சொருக விடாதீர்கள். ஸ்டெப்-டவுனுக்கு முன்னால், 230 பக்கத்தில், 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போடச் சொல்லுங்கள் (எல்இடி ஆகாது). பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். பிறகு பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் இல்லாமல் 20 நிமிடம் ஓடட்டும். ஸ்பீக்கர் முனைகளில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். அவுட்புட் டிரான்சிஸ்டரோடு சேர்ந்த எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே பயஸை (பாட்டு இல்லாதபோதும் ஓடும் கரன்ட்) அளக்கட்டும்: 0.22 ஓமில் 22 மில்லிவோல்ட் என்றால் 100 மில்லிஆம்ப். செட்டுக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பயஸைக் காதால் கேட்டு வைப்பதில்லை. சான்சுய் ஆல்ஃபா வரிசையில் பெரும்பாலும் பேலன்ஸ்டு (ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் வரும் அமைப்பு) என்பதால் அதன் ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்டு கிடையாது. மீட்டரோ ஸ்கோப்போ வைக்கும்போது அந்த மைனஸைச் சேசிஸோடு (செட்டின் உலோக உடல்) சேர்த்துவிட்டால் புதிதாகப் போட்டதும் போகும்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு சேனலின் டிசி, பயஸ் அளவுகளை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.