கையால் தள்ளும் எக்ஸ்ட்ரூடர்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

ஃப்ளூ வைரஸை ஏமாற்றும் போலி செல்களைச் செய்வதுதான் இப்போது என் வேலை. கொழுப்பால் ஆன உறை, உள்ளே உப்புக் கரைசல், அவ்வளவுதான். உறையில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை உள்ள கேங்கிலியோசைடு என்ற கொழுப்பைக் கொஞ்சம் கலந்துவிட்டால், வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் அதை நிஜ செல் என்று பிடித்துக்கொள்ளும். வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. உள்ளே போனாலும் பயனில்லை. படியெடுக்க நியூக்ளியஸ் இல்லை, புரதம் செய்ய ரைபோசோம் இல்லை.

இந்த உறைகளை ஒரே அளவில் எடுக்க உதவுவதுதான் இந்தச் சின்னக் கருவி. இரண்டு பக்கமும் கண்ணாடி சிரிஞ்சு, நடுவில் 100 நானோமீட்டர் துளைகள் உள்ள பாலிகார்பனேட் சவ்வு. கலவையை 21 முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளுகிறேன். ஒற்றைப்படையில் முடித்தால்தான் கலவை எதிர்ப் பக்கத்து சிரிஞ்சில் வந்து நிற்கும், சவ்வைத் தாண்டாத கட்டிகள் அதில் சேராது. முதல் சில தள்ளலுக்குக் கட்டைவிரல் நன்றாகவே வலிக்கும். அப்புறம் பால்போல் கலங்கியிருந்தது மெல்லத் தெளியும். வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக ஒரு நீலம் தெரியும். அதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

குறையும் உண்டு. ஒரு நாள் 13-ஆவது தள்ளலில் விரலுக்குத் திடீரென்று எதிர்ப்பே இல்லை. திறந்தால் சவ்வு கிழிந்திருந்தது. சவ்வைத் தாங்கும் தாளை முதலில் ஒரு சொட்டு பஃபரால் (பி.எச். மாறாத கரைசல்) நனைத்து, அதன்மேல் சவ்வைச் சுருக்கமில்லாமல் படியவிட வேண்டும். கருவியோடு வந்த குறிப்பில் இது இல்லை. கிழிந்த சவ்வில் வந்ததை அப்படியே சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள். பெரியதும் சின்னதும் கலந்துவிட்டால் அளவீட்டை நம்ப முடியாது.

சூடாக்கும் கட்டையும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. பி.ஓ.பி.சி. என்ற கொழுப்புக்கு அறை வெப்பமே போதும். டி.பி.பி.சி. என்ற இன்னொரு கொழுப்பு என்றால் 41 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இறுகிப்போய் சிரிஞ்சு நகராது.

ஒரு தடவைக்கு 1 மில்லிலிட்டர்தான் எடுக்கலாம். சோதனைக் குழாய் வேலைக்கு அது தாராளம். சாயமேற்றிய வைரஸைச் சேர்த்தேன்; நடுநிலை பி.எச்.சில் (அமில அளவில்) சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது. அமிலம் விட்டு 5-க்கு இறக்கியதும் வைரஸ் உறையோடு இணைந்து, சாயம் பரவி ஒளி ஏறியது. ஒளியைக் காட்டும் கோடு திரையில் எழும்பியபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

வாங்குகிறவர்கள் சவ்வு மட்டும் கூடுதலாக ஒரு பொட்டலம் சொல்லிவிடுங்கள்.