கல்வராயன் மலையில் குதிரை கேம்ப்: முன்பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் வார இறுதி டூர் விளம்பரங்களில் இப்போது புதிதாக ஒன்று ஓடுகிறது: மலைக்காட்டில் குதிரையோடு கேம்ப். ஓடைக்கரையில் கூடாரம், ஆளுக்கு ஒரு குதிரை, விடியற்காலையில் காட்டுப்பாதையில் சவாரி, குதிரைக்குத் தீனி வைக்கவும் தேய்த்துவிடவும் பயிற்சி. தலைக்கு 6,500 ரூபாய். என் மகள் புதுச்சேரிக்கு வெளியே ஒரு பள்ளியில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். அவளுக்காகத்தான் நான், மனைவி, மச்சான் எல்லாரும் கிளம்பினோம்.

ஏற்பாட்டாளரின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்லத் தடையில்லை.

பணம் கட்டும் முன்பே, "வனத்துறை அனுமதி இருக்கிறதா?" என்று எழுத்தில் கேட்டேன். "எல்லாம் வாங்கியாச்சு சார், நீங்க வந்தா மட்டும் போதும்" என்று பதில் வந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட்தான் இன்று மனுவில் முதல் ஆவணம்.

பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். ஒரு காலத்தில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்து மலைதான் இது. சாமையும் மரவள்ளியும் விளைகிற, அமைதியான மலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிமலைக்கு முன்னாலேயே, தார் ரோட்டை ஒட்டிய ஒரு மரவள்ளித் தோட்டத்தில் எங்களை இறக்கினார்கள். அதுதான் காடாம். ஓடையைக் கேட்டால், கை நீட்டி எங்கோ காட்டினார்கள். பக்கத்துக் கூடாரத்தில் ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

சரி, குதிரையாவது நன்றாக இருக்கும் என்று பார்த்தோம். சின்ன லோடு வண்டியில் இடித்துப் பிடித்து ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றின் பிடரி மயிரில் ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாப்பிள்ளை ஊர்வலம் போய்விட்டு அப்படியே மலையேறி வந்த குதிரை. மகள் சேணத்துக்கு அடியில் கையை விட்டதும் அது வெடுக்கென்று முதுகை வளைத்து விலகியது. சேணத்தை இறக்கிப் பார்த்தால், கம்பளித் துணி இருக்க வேண்டிய இடத்தில் மடித்த உரச்சாக்கு. பிடரி முடிகிற மேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய், ஈரமான புண். முன்னங்கால் லாடம் ஒன்று ஆணி கழன்று, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் டக் டக் என்று தட்டியது. அந்தக் குதிரையில் ஏற மாட்டேன் என்று அவள் அங்கேயே சொல்லிவிட்டாள்.

கட்டிப்போட்டிருந்த இடம் அதைவிட மோசம். வேலி ஓரமாக அரளிச் செடி. கொஞ்சம் இலை உள்ளே போனாலே குதிரையின் இதயத்தைப் பாதித்து உயிரை எடுத்துவிடும் செடி அது. கசப்பு என்பதால் வயிறு நிறைந்த குதிரை பெரும்பாலும் தொடாது. பசித்த குதிரையை அப்படி நம்ப முடியாது. நாங்களே அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினோம். ஒரு குதிரைக்கு நாளுக்கு 25 லிட்டரிலிருந்து 40 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். வெயிலில் வேலை பார்த்தால் இன்னும் கூடும். அங்கே இருந்தது பாதி டிரம் தண்ணீர், அதிலும் பாசி. எங்களுக்கு வைத்திருந்த கேனை வாளியில் ஊற்றி நீட்டினோம். தலையைத் தூக்காமல் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சியது.

குதிரைக்காரரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. "போட்டோ ஷூட்டுனுதான் சார் கூட்டிட்டு வந்தாங்க, ராத்திரி தங்கணும்னு சொல்லவே இல்ல" என்றார். தன் கைக்காசில் வாங்கிய கொள்ளுப் பயறை ஒரு துணிப்பையில் வைத்திருந்தார். தீனி என்று அங்கே இருந்தது அவ்வளவுதான்.

மச்சானுக்கு ஒதுக்கியது ஒரு மட்டக்குதிரை. மச்சான் எடை 96 கிலோ. சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய விதிகளில் மட்டக்குதிரை முதுகில் ஏற்றக்கூடிய பாரம் 70 கிலோ. சவாரிக்கு, ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பயிற்சியாளர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. மச்சான் விதியெல்லாம் படித்தவர் இல்லை. குதிரையை ஒரு தடவை பார்த்தார், "நான் நடந்தே வர்றேன்" என்றார்.

சாயங்காலம் காப்புக்காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லைக் கல் தாண்டும் முன்பே வனக்காவலர் நிறுத்தினார். "தம்பி, லெட்டர் எங்கே?" கூட வந்த பையன், "வாட்ஸ்அப்ல இருக்குண்ணே" என்று போனை நீட்டினான். அதில் இருந்தது தோட்டக்காரர் அனுப்பிய ஓர் "ஓகே". காவலர் சிரிக்கவில்லை. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போனால், ஏற்பாட்டாளரோடு சேர்ந்து போகிறவர் மீதும் வழக்கு வரும் என்று எங்களிடம் பொறுமையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன அத்தனை பேர் காட்டுத்தீயில் செத்த பிறகு இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். மலையேற வேண்டும் என்றால் வனத்துறையே 2024 அக்டோபரில் டிரெக் தமிழ்நாடு என்று 40 நடைபாதைகளுக்கு இணைய முன்பதிவும் வழிகாட்டிகளும் வைத்துத் தொடங்கியிருக்கிறது. குதிரை அதில் இல்லை, ஆனால் அனுமதி உண்மையானது.

இரவே கிளம்பிவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை ஆனது. சேணத்தை நாங்கள் இறக்கியதில் வார் அறுந்துவிட்டதாம், அதற்கு 2,000 ரூபாய் நாங்கள் தர வேண்டுமாம். ஐந்து நட்சத்திரம் போட்டால் அதைத் தள்ளுபடி செய்வார்களாம். அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

இந்த மாதிரி கேம்புக்குப் போக நினைப்பவர்கள் கூடாரத்தையும் சாப்பாட்டையும் பற்றி விசாரித்துப் பயனில்லை. அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் போட்டோவில் காட்டலாம். குதிரையைப் பற்றிக் கேளுங்கள். சேணம் இல்லாத முதுகை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குதிரையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக, விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் ஆண்டு மத்திய விதிப்படி கால்நடை மருத்துவர் சான்று வேண்டும், அதன் நகலைக் கேளுங்கள். இரவில் எங்கே கட்டுவார்கள், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். உண்மையிலேயே குதிரை வளர்ப்பவர் இதற்குச் சந்தோஷமாக அரைமணி நேரம் பதில் சொல்வார். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று வந்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கேம்ப் நடந்தது கள்ளக்குறிச்சி மாவட்டம் என்றாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீதையும் போனில் நடந்த செய்திப் பரிமாற்றத்தையும் அழிக்காதீர்கள். மரவள்ளித் தோட்டமும் ஜிகினாக் குதிரையும் உங்களுக்கும் அமைந்திருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், மனுவோடு சேர்க்க உதவும்.