தானாகக் கொடுப்பதும் சட்டத்துக்காகக் கொடுப்பதும்

ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் மருத்துவமனை கட்டியபோது எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. முதலாளிக்கு மனம் இருந்தால் நடக்கும், இல்லையென்றால் இல்லை. பழைய முறை அவ்வளவுதான்.

2014 ஏப்ரலில் நிலைமை மாறியது: இந்திய நிறுவனங்கள் சட்டத்தின் சமூகப் பொறுப்பு விதி (CSR) அமலுக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே போதும், முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்வது இதில் சேராது. முதலில், செலவிடாவிட்டால் காரணம் சொல்லித் தப்பிக்கலாம் என்றிருந்தது. 2021 முதல் மிச்சத்தைத் தனிக் கணக்குக்கோ சட்டம் குறிப்பிடும் நிதிக்கோ மாற்றியாக வேண்டும்.

பணம் நிச்சயம் வரும் என்பதால் எனக்குச் சட்டமே மேல். என்ன, மார்ச் பிறந்ததும் அவசரமாகக் காசோலை எழுதிக் கணக்கை முடிக்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.