கிலுகிலுக்கிற பேட்: இரண்டு சீசன் ஓட்டிய பிறகு

போன வாரம், என் பையனின் பேஸ்பால் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் அப்பா போன் செய்தார். "அண்ணா, உங்க பையன் வச்சிருக்கற அதே பேட் இப்போ 199 டாலருக்குப் போட்டிருக்கான். வாங்கிடட்டுமா, இல்ல மரத்துலயே ஒண்ணு பாக்கட்டுமா?"

நான் 350 கொடுத்து வாங்கியது. அடுத்த வருட மாடல் இறங்கியதும் பழசை இப்படித்தான் தள்ளிவிடுவார்கள். தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு எழுதுகிறேன், கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பையன் நியூ ஜெர்சியில் ஹைஸ்கூல் பேஸ்பால் ஆடுகிறான். 33 இன்ச், 30 அவுன்ஸ், பிபிகோர் முத்திரை உள்ள பேட் (பேட் பந்தை எவ்வளவு உந்தலாம் என்று வரம்பு போடும் விதிதான் பிபிகோர்). பந்து படுகிற பாகம் அலுமினியக் கலவை, கைப்பிடி காம்போசிட் என்கிற கார்பன் நார்க் கலவை, இரண்டுக்கும் நடுவில் ஒரு இணைப்பு. அடிக்கிற விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. இங்கே மார்ச் மாதம் 45 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் சீசன் தொடங்கும். அந்தக் குளிரில் பந்து கைப்பிடிப் பக்கம் பட்டால் மர பேட் உள்ளங்கையில் குளவி கொட்டின மாதிரி இருக்கும். இதில் அந்த விண்ணென்ற வலி பாதிகூட இல்லை. இரண்டு சீசனில் ஒரு நசுங்கல் கிடையாது.

ஆனால் நாலாவது மாதம் உள்ளே ஏதோ கிலுகிலுக்க ஆரம்பித்தது.

முதலில் மிளகு அளவு சத்தம். பையன் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினால் எனக்கு அடுப்படியில் கேட்கும். உள்ளே ஒட்டிய பசையிலோ நுரையிலோ ஒரு துணுக்கு உதிர்ந்து, வெற்றுக் குழாய்க்குள் உருண்டுகொண்டிருக்கிறது. அடிக்கு ஒன்றும் ஆகாது என்று நெட்டில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அடிக்கு ஆகவில்லைதான். ஒரு வெளியூர் மேட்சில், இவன் பேட்டிங் பாக்ஸில் நின்று இரண்டு தரம் வீசிப் பார்த்தான். பின்னால் நின்ற அம்பயர் கையை நீட்டி பேட்டை வாங்கினார். சந்தையில் தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் காதருகே வைத்து ஆட்டினார். ஹைஸ்கூல் விதியிலேயே இருக்கிறது: பேட்டில் கிலுகிலுப்பு, நசுங்கல், பிசிறு, விரிசல் எதுவும் கூடாது. தேங்காய் என்றால் சத்தம் வந்தால் வாங்குவோம். இவர் வெளியே போடச் சொல்லிவிட்டார்.

முனை மூடியைக் கழற்றி எம்-சீல் வைத்து அமுக்கினால் ஐந்து நிமிட வேலை. கை துறுதுறுத்தது. ஆனால் பேட்டைத் திறந்தாலே விதிப்படி அது செல்லாத பேட், வாரண்டியும் போச்சு. சரி என்று கம்பெனிக்கு அனுப்பினேன், தபால் செலவு என்னுடையது. மூன்று வாரம் கழித்துப் புதுசு வந்தது. நல்லபடியாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் புதுசும் அடுத்த சீசன் நடுவில் கிலுகிலுத்தது. வாரண்டி முதல் ரசீதுத் தேதியிலிருந்து ஒரு வருடமாம். முடிந்துவிட்டது.

பேட் கம்பெனியில் இருந்த அந்த மூன்று வாரம்தான் பையன் மர பேட்டில் ஆடியது. கடையில் ஆஷ் மரத்தில் பேட் கேட்டேன். இப்போதெல்லாம் வருவது குறைவு என்றார்கள். 2002-இல் மிச்சிகனில் தென்பட்ட ஒரு பச்சை வண்டு அமெரிக்க ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. மேப்பிள் மரத்தில் எடுத்தேன், 110 டாலர். கைப்பிடியில் ஒரு மைப்புள்ளி இருக்கும். மை மரத்தின் ரேகையோடு கசிந்து ஓடும், அந்தக் கோடு மூன்று டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. சாய்ந்தால் அந்த மரம் சுலபமாகப் பிளக்கும். என் பேட்டில் கோடு பிடித்த மாதிரி நேராக இருந்தது.

எனக்குப் பிடித்துப்போனது அதில் விழும் தடம். வார்னிஷ் இல்லாத வெளிர் மரம் என்பதால், பந்தின் தையல் அழுக்காகப் பதிந்துவிடும். ராத்திரி விளக்கடியில் வைத்துப் பார்த்தால் பையன் எங்கே அடித்தான் என்று எண்ணிச் சொல்லலாம். எல்லாத் தடமும் இரண்டு விரற்கடை கைப்பக்கம் தள்ளியே இருந்தது. நான் சொன்னால் கேட்காதவன், "அப்பா, லேட்டா அடிக்கறேன்" என்று தானே சொன்னான். பத்தொன்பதாவது நாள் உடம்பை ஒட்டி ஒரு பந்து வந்தது. சடக். பந்து மூன்றாவது பேஸ் பக்கம் தவழ்ந்தது, இவன் கையில் ஒரு சாண் கைப்பிடி. நேர்க்கோடு, மைப்புள்ளி எல்லாம் கதை. 110 டாலர், ஒரே பந்து.

மரமும் உலோகமும் ஒன்றா என்று போன் செய்த அந்த அப்பா கேட்டார். 2012-க்கு முன்பு கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். உலோக பேட்டின் சுவர், பந்து பட்டதும் உள்வாங்கித் திரும்ப உந்தும். மரம் உள்வாங்காது. பந்துதான் அதிகமாக நசுங்கி வேகம் இழக்கும். அந்த உந்தலுக்குப் பயந்து நியூயார்க் நகரம் 2007-இல் ஹைஸ்கூல் ஆட்டங்களில் உலோகத்துக்கே தடை போட்டது. பிறகு கல்லூரிக்கு 2011-லும் ஹைஸ்கூலுக்கு 2012-லும் பிபிகோர் வந்து, அந்த உந்தலை மரத்தின் அளவுக்குக் கிட்டத்தட்ட இறக்கிவிட்டது. இப்போது பெரிய வித்தியாசம் கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். மரத்தில் முனையில் இழுக்கும், அதே 30 அவுன்ஸ் வீசும்போது 32 மாதிரி தெரியும். உலோகத்தில் கனத்தைக் கைப்பக்கம் கொண்டுவரலாம், பந்து நன்றாகப் படுகிற இடமும் அகலம். அதோடு உடையாது.

ஆக, இவ்வளவு திட்டிவிட்டு அவரிடம் என்ன சொன்னேன்? உலோகமே வாங்குங்கள், 199 நல்ல விலை என்றேன். நானும் ஒன்று வாங்கப்போகிறேன். உடைந்த மேப்பிள் பாதி கராஜில் கிடக்கிறது, தூக்கிப்போட மனம் வரவில்லை. போகும்போது வரும்போது எடுத்து ஆட்டிப் பார்ப்பேன், ஒரு சத்தம் இல்லை.

ஆன்லைனில் மட்டும் வாங்காதீர்கள். கடைக்குப் போய், காதருகே வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.