1/72 டாம்கேட் டைகாஸ்ட்: வாங்கலாம், ஆனா றெக்கைய சும்மா சும்மா ஆட்டாதீங்க

ரெண்டு மாசம் காத்துக் கெடந்து எஃப்-14 டாம்கேட் (அமெரிக்கக் கடற்படையோட பழைய போர் விமானம்) டைகாஸ்ட், அதாவது அச்சுல வார்த்த மெட்டல் மாடல், கைக்கு வந்துச்சு, நெஜத்துல 72-ல ஒரு பங்கு சைஸ். விஎஃப்-84 ஜாலி ரோஜர்ஸ்ங்கிற விமானப் படைப்பிரிவோட பெயிண்ட், அதாங்க கருப்பு வால்ல வெள்ளை மண்டையோடு போட்டிருக்குமே அது. பாதிப் பேரு அந்த வாலுக்காகவே இத வாங்குறாங்கன்னு நெனைக்கிறேன், நானும் அந்தக் கூட்டம்தான். பிரிண்ட் சும்மா சொல்லக்கூடாது, லென்ஸ் வெச்சுப் பாத்தேன், மண்டையோட்டு ஓரத்துல எங்கயும் பிசிறு இல்ல. பாடி மெட்டல், கையில எடுத்தா நல்ல கனம், கூட வந்த ஸ்டாண்டும் ஆடாம நிக்குது.

பேனல் லைன்தான், அதாவது பாடித் தகடுகள் சேர்ற எடத்துல வர்ற கோடு, கண்ணை உறுத்துது. கால் மில்லிமீட்டர் கோடுதானேன்னு தோணும், 72-ஆல பெருக்குங்க, நெஜ விமானத்துல கிட்டத்தட்ட 2 செமீ பள்ளம்! டைகாஸ்ட்ல இது ஓரளவு சகஜம்தான், ஒரு மீட்டர் தள்ளி நின்னு பாத்தா தெரியாது.

இப்ப மெயின் மேட்டர், றெக்கை. நெஜ டாம்கேட்டுக்குப் பறக்கும்போது 20 டிகிரில இருந்து 68 டிகிரி வரைக்கும் றெக்கை பின்னாடி போகும், கப்பல் டெக்ல எடம் பத்தாதுன்னு நிறுத்தும்போது மட்டும் 75 வரைக்கும் மடக்குவாங்க, 2006-ல அமெரிக்கக் கடற்படை இதுக்கு ஓய்வு குடுக்குற வரைக்கும். மாடல்ல உள்ள கியர் வெச்சிருக்கான், ஒரு பக்கம் தள்ளினா இன்னொன்னும் கூடவே வருது, மொத நாள் சின்னப் புள்ள மாதிரி அதையே பண்ணிட்டு உக்காந்திருந்தேன். அங்கதான் வெனை. நெஜத்துல றெக்கை உள்ள போற எடத்துல காத்து அடைச்ச பை ஒன்னு இருந்து இடைவெளிய அடைச்சிக்கும், இங்க வெறும் இடுக்குதான், மேல இருக்குற தகடு றெக்கைய உரசுது. அஞ்சாறு தடவைக்கே வெள்ளையும் சாம்பலுமா இருந்த பெயிண்ட்ல வளைஞ்சு ஒரு கீறல் விழுந்துடுச்சு. வித்தவங்களுக்கு போட்டோ அனுப்பினா "யூஸ் பண்ணதால வந்தது சார்" னு பதில். ஏன்யா, ஆட்டுறதுக்குன்னு கியர் வெச்சு வித்துட்டு ஆட்டினா என் தப்பா? கம்பெனி பேரெல்லாம் வேணாம், எந்த பிராண்ட் எடுத்தாலும் வாங்குறதுக்கு முன்னாடி றெக்கை மடங்குற வீடியோ ஒன்னு கேட்டு வாங்கிப் பாத்துக்கோங்க.

75 டிகிரி வரும்னு ஆசையா இருந்தேன், 68-லயே நின்னுடுது. அதுவே என் ஷெல்ஃபுக்குப் போதும்: விரிச்சா 27 செமீ, மடக்கினா 16. கீறல் விழுந்த பாகமும் உள்ள போயி மறைஞ்சிடுது. வீல் கதவெல்லாம் கொஞ்சம் லூசு, அத நான் பெருசா எடுத்துக்கல, ஒரு சொட்டு கம்மு போதும்.

வெல கம்மி இல்ல, கஸ்டம்ஸ் வேற தனி. இருந்தாலும் திருப்பி அனுப்ப மனசு வரல, அந்த வால் அப்படி. இப்ப மடக்கி நிறுத்தியாச்சு, பக்கத்துல 11 செமீ மிச்சம் இருக்கு, 1/72-ல மிக்-21 றெக்கை 10 செமீதான் வரும்னு நேத்து ராத்திரி கணக்குப் போட்டுப் பாத்தேன், வீட்ல இன்னும் சொல்லல.