ஏர் டெம்பரேச்சர் சென்சார் ஃபால்ட் வந்து வந்து போகுதா? புது சென்சாரா, மீட்டரா, ஸ்கேனரா, எது உருப்படியா கண்டுபிடிக்குது

செக் இன்ஜின் லைட் எரியும், காலைல ஸ்டார்ட் பண்ணா ஐட்லிங் ஏறி இறங்கும், மைலேஜ் குறையும், நாலு நாள் நல்லா ஓடுச்சுன்னா லைட் தானா அணைஞ்சிடும். ஒர்க்‌ஷாப்ல கொண்டு போய் விட்டா அன்னிக்கு பார்த்து ஒரு கோளாறும் காட்டாது. என் வண்டி 2014 பெட்ரோல் ஹேட்ச்பேக், சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு வாரம் ஒரு தடவையாவது ஏறி இறங்கும், அதுல அஞ்சு மாசம் இதே பாடு. வண்டியோட கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச கோளாறு கோட் எடுத்துப் பார்த்தா பி0113, அதாவது இன்டேக் ஏர் டெம்பரேச்சர் (இன்ஜின் உள்ள இழுக்கற காத்தோட சூடு) சர்க்யூட்ல வோல்டேஜ் அதிகம்னு அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க ஆளாளுக்கு ஒரு வழி சொன்னாங்க, எல்லாத்தையும் செஞ்சு பார்த்துட்டேன், அதனால எது எதுக்கு உதவும்னு பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்றேன்.

முதல்ல அந்த சென்சார் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா மத்தது ஈஸி. அது ஒரு தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். நிறைய வண்டில வர்ற வகை 20 டிகிரில சுமார் ரெண்டரை கிலோ ஓம், 80 டிகிரில முன்னூறு ஓம் பக்கம் இருக்கும், உங்க வண்டிக்கு சர்வீஸ் மேனுவல் டேபிளைப் பாருங்க. இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர், தனக்குள்ள இருக்கற ஒரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட் கொடுத்து, எவ்வளவு வோல்ட் மிஞ்சுதுன்னு பார்த்து சூட்டைக் கணக்கு போடுது. வயர் எங்கயாவது விட்டுப்போச்சுன்னா முழு 5 வோல்ட்டும் அப்படியே நிக்கும், இசியு அதை மைனஸ் 40 டிகிரின்னு படிக்கும். கிரவுண்டோட, அதாவது நெகட்டிவ் லைனோட, ஷார்ட் ஆச்சுன்னா பூஜ்யம் வோல்ட், நூறுக்கு மேல கொதிக்குதுன்னு காட்டும். இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கோங்க.

நேரா புது சென்சார் போடறதுதான் எல்லாரும் முதல்ல சொல்றது. எனக்கும் ஒரு சர்வீஸ் சென்டர்ல அதையே பண்ணாங்க. தனியா ரெண்டு பின் சென்சார் இருக்கற வண்டின்னா செலவு கம்மி, பண்ணிப் பார்க்கலாம்னு தோணும். என் வண்டில அது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரோட (எவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு அளக்கறது) சேர்ந்தே அஞ்சு பின்னா வருது, ஒண்ணு கெட்டா மொத்தமா மாத்தணும், பல ஆயிரம் போச்சு. மூணு வாரம் வண்டி நல்லா ஓடிச்சு, அப்புறம் அதே கோட். அந்த மூணு வாரம் ஏன் நல்லா ஓடிச்சுன்னு கேட்டா, கனெக்டரைக் கழட்டி மாட்டும்போது வயர் கொஞ்சம் நகர்ந்து உக்காந்துக்கிச்சு, அவ்வளவுதான். இந்த வழில இருக்கற பெரிய ஆபத்தே இது, சரியாகாததை சரியாச்சுன்னு நம்ப வச்சிடும்.

அடுத்தது மல்டிமீட்டர். சென்சாரைக் கழட்டி ஓம் வச்சுப் பார்க்கறது, ஹேர் டிரையர்ல சூடு காட்டினா நம்பர் வழுவழுன்னு இறங்கணும், நடுவுல குதிக்கக் கூடாது. சென்சார் முழுசா செத்துப் போயிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும், இதுக்கு மீட்டரை மிஞ்ச ஒண்ணும் இல்ல. ஆனா வந்து போற கோளாறுக்கு ஓம் டெஸ்ட் ரொம்ப ஏமாத்தும். ஏன்னா நீங்க அளக்கறப்ப வண்டி நிக்குது, ஆடல, சூடில்ல, வயருக்குள்ள ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் வயர் விடாம இருக்குன்னு மீட்டர் கண்டின்யூட்டி பீப் அடிச்சு ஓகேன்னு சொல்லிடும். ஹெட்லைட் மாதிரி கரண்ட் இழுக்கற சர்க்யூட்னா ஒரு இழைல வோல்டேஜ் டிராப் ஆகி மாட்டிக்கும், இங்க ஓடறதே சில மில்லி ஆம்ப்தான், அந்த ஒத்தை இழை தாராளமா தாங்கும், குழில வண்டி குலுங்கும்போது மட்டும்தான் விடும். இன்னொண்ணு, மீட்டரோட தடியான முனையை கனெக்டர் ஓட்டைக்குள்ள தயவு செஞ்சு குத்தாதீங்க, உள்ள இருக்கற டெர்மினல் விரிஞ்சு போச்சுன்னா அதுவே புதுசா ஒரு லூஸ் கனெக்‌ஷன். இப்படி ஆளுங்க தானே வரவழைச்சுக்கிட்ட கோளாறுகளை நிறைய பார்த்திருக்கேன்.

அடுத்தது ஸ்கேனர், அதாவது வண்டியோட ஓபிடி சாக்கெட்ல (இசியு டேட்டாவைப் படிக்கற இடம்) மாட்டற ப்ளூடூத் டாங்கிளும் போன் ஆப்பும், என் கணக்குல இந்தக் கோளாறுக்கு முதல்ல எடுக்க வேண்டியது இதுதான். விலை சில நூறு ரூபாய். நம்ம ஊர்ல 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்4 கார்கள்ல ஓபிடி 2 இருக்கும், அதுல இன்டேக் டெம்பரேச்சர் நேரா வரும். வெறும் கோட் படிச்சுட்டு மூடிடாதீங்க, நம்பரை லாக் (பதிவு) பண்ணிக்கிட்டே ஓட்டணும். ஆப்ல இன்டேக் டெம்பரேச்சர், கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி) டெம்பரேச்சர், ஆர்பிஎம் மூணை மட்டும் வைங்க, பத்து பதினஞ்சு வச்சா டாங்கிள் திணறும், குதிக்கறது தவறிப் போகும்.

இதுல என்ன அருமைன்னா காத்து மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் ஆறும். ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுலயும் நம்பர் கொஞ்சம் கொஞ்சமா இறங்கறதைப் பார்க்கலாம். நடுவுல 38ல இருந்து ஒரே நொடில மைனஸ் 40க்கு விழுந்து திரும்ப 38க்கு வந்தா அது காத்து இல்ல, கரண்ட் விட்டுப் போனது, அதுல சந்தேகமே வேண்டாம். கூலன்டும் அதே நொடில விழுந்தா ரெண்டுக்கும் பொதுவான சென்சார் கிரவுண்டைத் தேடுங்க. இன்டேக் மட்டும் விழுந்தா அந்த வயர், கனெக்டர், சென்சார் மூணுல ஒண்ணு. குதிக்காம எப்பவும் பத்து பதினஞ்சு டிகிரி தள்ளியே காட்டுதுன்னா சென்சாரை சந்தேகப்படலாம், அதுக்கு ராத்திரி பூரா நின்ன வண்டில காலைல கீ மட்டும் ஆன் பண்ணி இன்டேக்கும் கூலன்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கான்னு பாருங்க. மதியம் ஓட்டிட்டு வந்து டிராஃபிக்ல நிக்கும்போது 60, 65 காட்டறதைப் பார்த்து பயந்துடாதீங்க, பானட்டுக்குள்ள அடைஞ்ச சூடு அது, வண்டி நகர்ந்தா இறங்கிடும்.

ஸ்கேனரோட குறை என்னன்னா அது வினாடிக்கு சில தடவைதான் கேட்கும். கண் சிமிட்டறதை விட சின்னதா விட்டுப் போறது அதுக்குத் தெரியாது. அந்த இடத்துலதான் வோல்டேஜை கோடா வரைஞ்சு காட்டற ஆசிலோஸ்கோப் வருது, மில்லி செகண்டுக்கும் கீழ விடுபடறதைக் கூட பிடிச்சிடும். ஸ்கோப் வச்சு பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்துல இருந்தா தாராளமா போங்க, ஆனா இந்த ஒரு சென்சாருக்காக நாமளே வாங்கறது வேண்டாத செலவு. மின்/மேக்ஸ் பட்டன் இருக்கற மீட்டரை சிக்னல் வயர்ல கனெக்டருக்குப் பின்பக்கமா மெல்லிசு முனையால தொட்டு வச்சு வோல்டேஜ் பார்த்தாலும் பாதி வேலை ஆகும், மேக்ஸ்ல 5 வோல்ட் வந்து நின்னா விட்டுப் போச்சுன்னு தெரியும்.

சரி, குதிக்குதுன்னு தெரிஞ்சாச்சு, சென்சாரா வயரான்னு எப்படிப் பிரிக்கறது? எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லிக் கொடுத்த வழி இது, எனக்கு இதுதான் கை கொடுத்துச்சு. "தம்பி, ரெண்டு ரூபா ரெசிஸ்டரை வாங்கிட்டு வா, அது பொய் சொல்லாது"ன்னாரு. கனெக்டரைக் கழட்டி, டெம்பரேச்சருக்கான ரெண்டு ஓட்டைல, அதுக்கு அளவான பின்னோட 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாட்டி, கீ ஆன், இன்ஜின் ஆஃப். ஆப்ல இருபத்திச் சொச்சம் டிகிரி அசையாம நிக்கணும். இப்ப வயரை கனெக்டர்ல இருந்து இன்ஜின் பக்கமா ஒரு ஜாண் ஒரு ஜாணா பிடிச்சு வளைக்கணும், ஆட்டணும். நம்பர் நின்னா சென்சார் மேலதான் சந்தேகம், குதிச்சா வயர். புது சென்சாருக்குக் கொடுத்த காசுக்கு முன்னாடி இந்தப் பத்து நிமிஷம் செலவு பண்ணியிருந்தா போதும், அது எனக்கு இன்னும் வலிக்குது.

என் வண்டில கனெக்டர்ல இருந்து நாலு விரல் தள்ளி வளைச்சதும் மைனஸ் 40. மேல இன்சுலேஷன்ல ஒரு கீறல் இல்ல, உள்ள செம்பு இழை அத்தனையும் ஒடிஞ்சு பச்சை பூத்திருந்துச்சு. ஏர் ஃபில்டர் மாத்தும்போதெல்லாம் கனெக்டரைக் கழட்டாம, சென்சார் இருக்கற ஃபில்டர் மூடியை அப்படியே தூக்கி ஓரமா வைப்பாங்க, ஒவ்வொரு சர்வீஸுக்கும் வயர் அதே இடத்துல இழுபட்டிருக்கு. கெட்ட துண்டை வெட்டி, புது வயர் சேர்த்து கிரிம்ப் பண்ணி (நசுக்கி இணைச்சு), ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்கற உறை) போட்டு, கொஞ்சம் தொளதொளன்னு நீளம் விட்டு கட்டினோம். அப்புறம் ஏற்காடு போயிட்டு வந்த லாக்ல ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு குதி கூட இல்ல. இப்ப எந்த ஒர்க்‌ஷாப்ல விட்டாலும் ஜாப் கார்டுல முதல் வரியா எழுதச் சொல்றது, ஃபில்டர் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி சென்சார் கனெக்டரைக் கழட்டணும்னு.