பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு ஆன்லைனில் புரோபயாடிக் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

நேற்று இரவு ஏழாவது குட்டியும் போய்விட்டது. 23 குட்டிகளில் 7. புரோபயாடிக் பொடிக்கு, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியாப் பொடிக்கு, கொடுத்த 12,000 ரூபாய் தனி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கால்நடைப் பொருள்கள் விற்கும் ஓர் ஆன்லைன் தளம். 28 நாளில் பால் மறக்கடிப்பதாக இருந்தேன். போன ஈற்றில் கழிச்சல் கண்டதால் இந்த முறை முன்கூட்டியே ஏதாவது கொடுக்க நினைத்தேன். தளத்தில் என் எண்ணைப் பதிந்ததும் ஆலோசகர் என்று ஒருவர் கூப்பிட்டார். தாயிடமிருந்து பிரித்ததும் பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி நின்றுபோகும், குட்டி சரியாகத் தின்னாது, குடலின் உறிஞ்சும் பரப்பு சுருங்கும், அந்த நேரம் பார்த்து கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா பெருகும் என்று பொறுமையாக விளக்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் கலந்துவந்த மருந்தளவு துத்தநாக ஆக்சைடை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள் என்றார். அவ்வளவும் உண்மைதான். இவ்வளவு தெரிந்தவர் பொருளையும் ஒழுங்காகத்தான் தருவார் என்று நம்பிவிட்டேன். "குட்டிங்க பிழைக்கட்டும் அக்கா, வியாபாரம் அப்புறம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 12,000 அனுப்பினேன்.

"குளோரின் போட்ட தண்ணீரில் கலக்கலாமா?" என்றும் கேட்டேன். "தாராளமா" என்றார். புரோபயாடிக்குகளில் சேர்க்கும் லாக்டோபேசில்லஸ் உயிருள்ள பாக்டீரியா, குளோரின் அதையும் சேர்த்துக் கொல்லும் என்று மருத்துவர் சொன்னபோது ஐந்து குட்டிகள் செத்திருந்தன.

வந்த டப்பாவில் பொடி கட்டிதட்டிக் கிடந்தது. லேபிளில் "நல்ல பாக்டீரியாக்கள்" என்று மட்டும் இருந்தது. என்ன வகை, ஒரு கிராமில் உயிரோடு எத்தனை, எந்தச் சூட்டில் வைக்க வேண்டும், ஒன்றும் இல்லை. காலாவதித் தேதியின் மேல் இன்னொரு ஸ்டிக்கர். கேட்டதற்கு, "ஈரக்காற்று பட்டிருக்கும், ஒண்ணும் ஆகாது."

பிரித்த நான்காம் நாள் தண்ணீராகக் கழிச்சல். "அளவைக் கூட்டிக் கொடுங்க" என்றார்கள். மறுநாள், "உங்க தீவனத்துல கோளாறு." அப்புறம், "திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம்." புகார் எண் ஒன்று தந்தார்கள். அரை மணி நேரத்தில் "தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது. என்ன தீர்ந்தது? என் 12,000 வந்ததா? இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை.

அளவைக் கூட்டச் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கழிச்சல் முற்றியபின் குட்டி சாவது உடம்பில் நீர் வற்றி. புரோபயாடிக் அதைத் தடுக்காது. அந்த ஒரு நாளை அவர்கள் பேச்சைக் கேட்டு வீணாக்காமல் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்து மருத்துவரைக் கூப்பிட்டிருந்தால் சிலவாவது பிழைத்திருக்கும்.

விரிவாக எழுத இப்போது முடியவில்லை. வகையின் பெயரும் எண்ணிக்கையும் போடாத டப்பாவை வாங்காதீர்கள். சூடாக்கிக் குருணையாக்கும் தீவனத்தில் கலப்பதென்றால் ஸ்போர் நிலையில் (சூட்டைத் தாங்கும் உறக்க நிலையில்) உள்ள பேசில்லஸ் பாக்டீரியா வகையா என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் சேர்த்துக் கொடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பாதீர்கள். இன்னொரு குட்டி எழுந்திருக்காமல் கிடக்கிறது, கொட்டிலுக்குப் போகிறேன்.